பீடு

பாழ்நிலம் என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் எனக்கு உடனே எரிச்சல் வந்துவிடுகிறது. இப்போதுதான் என்றில்லை, வெகுகாலமாகவே இப்படித்தான். போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு கூட்டம். வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர், இலக்கியத்தில் வறண்ட நிலம் எதற்கெல்லாம் குறியீடாக வருகிறது என்று பேசினார். நல்ல குரல், நல்ல தமிழ். பாலை என்பது தனி நிலமே இல்லை, மற்ற நிலங்கள் மழை பொய்த்துக் காய்ந்துபோனால் அதுதான் பாலை என்றார். அதுவரைக்கும் சரி. அப்புறம் காய்ந்த மனம், காய்ந்த வாழ்வு, காய்ந்த காலம் என்று அடுக்கிக்கொண்டே போய், இந்தப் பேச்சு பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் எங்கே வந்து நிற்பார்களோ அங்கேயே அவரும் வந்து நின்றார். பிள்ளை பெறாத பெண். பாழ்நிலத்துக்கு அவளைவிடப் பொருத்தமான உருவகம் கிடையாதாம். கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வறண்ட நிலத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். வெயிலைச் சொல்கிறார்கள், கானலைச் சொல்கிறார்கள், கள்ளிச்செடியைச் சொல்கிறார்கள். ஒருவராவது ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? அந்த நிலத்தை அப்படிப் போட்டது யார்? வானத்தைக் குறை சொல்வார்கள், விதியைக் குறை சொல்வார்கள், மண்ணைக் குறை சொல்வார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரனை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்த வயதில் இலக்கியத்தோடு பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. படிப்பேன், ரசிப்பேன். ஆனால் இந்த ஓர் உவமையை மட்டும் யார் கையில் பார்த்தாலும் பிடுங்கி எறியவேண்டும்போல் இருக்கிறது.

எங்கள் ஊர் திருத்தணி. சண்டை போட்டுவிட்டு வந்த முருகனுக்கு இந்த மலையில்தான் கோபம் தணிந்தது, அதனால்தான் தணிகை என்று பெயர் என்பார்கள். தணிந்தது அவருக்கு. எனக்கு இந்த ஊரில்தான் கோபம் பிடித்தது. இன்னும் விடவில்லை.

நான் பிறந்தது இங்கே இல்லை. கிழக்கே, மாட்டுவண்டியில் அரைநாள் போகவேண்டிய கிராமம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோமே தவிர, தெலுங்கு எங்கள் பக்கம் அவ்வளவாகக் கிடையாது. நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு பெண்கள். நான் மூத்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். செய்யுள் நன்றாக ஒப்பிப்பேன், அர்த்தம் கேட்டால் டக்கென்று சொல்வேன். அந்தப் படிப்புதான் பின்னால் என்னை எல்லார் முன்னாலும் கோமாளியாக்கியது.

நாற்பதுகளில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, என்னைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தார்கள். மண்ணெண்ணெய்க்கு ரேஷன், துணிக்கு ரேஷன். கல்யாணப் புடவைக்கே நைனா பத்துப் பேர் கையைக் காலைப் பிடிக்கவேண்டியிருந்தது. புகுந்த வீட்டில் மாமியாரும் அவருடைய ஒரே பிள்ளையும்தான். மாமனார் முன்பே போய்விட்டார். கேழ்வரகு, கடலை, கிணற்றடியில் கொஞ்சம் நெல். பள்ளிப்பட்டு போகிற சாலையில் இன்னொரு துண்டு நிலமும் இருந்தது. அது உழாமல் கிடந்தது. வீட்டில் இரண்டு பாஷையும் புழங்கும். என்னிடம் தமிழ், அக்கம்பக்கத்துப் பெண்களிடம் தெலுங்கு. நான் சீக்கிரமே உப்பு, தண்ணீர், வா, போ என்கிற அளவுக்குத் தெலுங்கு பிடித்துக்கொண்டேன். அடுப்பங்கரைத் தெலுங்கு.

என்னைக் கட்டியவருக்கு ஊரில் நல்ல பெயர். கள் கிடையாது, பீடி கிடையாது, யாரையும் அதட்டிப் பேசமாட்டார். கல்யாணம் ஆன முதல் வாரத்திலிருந்தே அவர் படுக்கை களத்துமேட்டில்தான். கடலைக்குக் காவல் என்றார். கடலை மூட்டை பிடித்து வீட்டுக்கு வந்த பிறகும் காவல். களம் வெறுமையாகிக் கோழி மேய்ந்த காலத்திலும் காவல். என்ன காவலோ! நான் அந்த வீட்டில் இருந்தது மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் அவர் என் சுண்டுவிரலைக்கூடத் தொட்டதில்லை. அவருக்கு என்ன குறையோ, என்ன பயமோ, வேறு யார் நினைவோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்காக நான் அவர்மேல் கோபப்படவில்லை. ஒரு மனிதருக்கு ஆயிரம் இருக்கும். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்காக. அதைச் சொல்கிறேன்.

முதல் வருஷம் முடிந்ததுமே மாமியார் என் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார். முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியதையெல்லாம் வயிற்றைப் பார்த்துப் பேசினார். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். எங்கிருந்தோ ஒரு வேரை வாங்கிவந்து இடித்துக் கொடுத்தார், அதைக் குடித்து நாள் முழுக்க வாந்தி எடுத்தேன். வாந்தியைப் பார்த்து ஒருநாள் சந்தோஷப்பட்டார், பாவம். ஆடிக் கிருத்திகைக்கு ஈரப்புடவையோடு என் தலையில் பால்குடத்தை ஏற்றி மலைப்படி ஏறவைத்தார். கூடவே அவர் பிள்ளையும் ஏறினார், பக்தியாக, வாய் திறக்காமல். தாய் வேண்டிக்கொள்வது எதற்கென்று அவருக்குத் தெரியும். அது ஏன் நடக்காது என்பதும் அவருக்குத் தெரியும். படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியபோது, "மெதுவா ஏறு" என்றார். எனக்கு அந்தக் குடத்தை அவர் தலையில் போட்டு உடைக்கவேண்டும்போல் இருந்தது.

இதற்கு நடுவில்தான் அந்த வார்த்தை வந்தது. நான் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் வந்தால், மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் என்னைக் காட்டி, "மா இண்டி பீடு" என்பார். எங்கள் வீட்டுப் பீடு என்று எனக்கு அர்த்தமாயிற்று. பீடு! எனக்குத்தான் தெரியுமே அந்தச் சொல். பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. பீடு என்றால் பெருமை. பீடுநடை என்றால் பெருமிதமான நடை. முதல் எழுத்து கொஞ்சம் கனமாக ஒலித்தாலும், தெலுங்குக்காரர்கள் நம் தமிழ்ச் சொல்லை இப்படி அழுத்திச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பெருமையாம் நான். மருந்து கொடுக்கிறார், திட்டுகிறார், ஆனால் வெளியே என்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாரே என்று மனசு குளிர்ந்துபோனேன். அதுமட்டுமா? அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் முதுகை நிமிர்த்திக்கொண்டு, குடத்தில் தண்ணீர் அலம்பாமல் நடந்து காட்டுவேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிரியமாகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரிப்பேன். இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

எத்தனையோ மாதம் அப்படி நடந்தேன். மூன்றாம் வருஷம், மழைக்கு முன்னால், ஒருநாள் சந்தையில் தமுக்கு அடித்தார்கள். சண்டைக் காலம் அல்லவா, உணவுத் தானியம் போதவில்லை, எல்லா நிலத்திலும் பயிர் வைக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு. எல்லைப்புறத்து ஊர் என்பதால் முதலில் தெலுங்கில் சொல்லிவிட்டு அப்புறம் தமிழில் சொல்வார்கள். மாமியார் மிளகாய் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூடையோடு பக்கத்தில் நின்றேன். தமுக்குக்காரர் தெலுங்கில் முழங்கினார். அதில் பீடு, பீடு பூமி என்று திரும்பத் திரும்ப வந்தது. என் வார்த்தை ஆயிற்றே என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அப்புறம் தமிழில் ஆரம்பித்தார்.

"இதனால அல்லாருக்கும் சொல்றது இன்னான்னா, தரிசு போட்டு வெச்சிகீறவங்க அல்லாரும் இந்த மழைக்கே ஏர் பூட்டணும். பூட்டாதவங்க ஏன் பூட்டலன்னு ஆபீசுல வந்து காரணம் சொல்லணும்."

பீடு வந்த இடத்திலெல்லாம் தரிசு வந்தது. எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் குனிந்து, "பீடுன்னா தரிசுங்களா?" என்று கேட்டேன்.

"ஆங். தெலுங்குல பீடு, நம்மள்து தரிசு. எதுல சொன்னா இன்னா? ஒண்ணியும் வெளையாத நெலம்" என்றாள் அவள், கீரைக்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே.

மாமியார் திரும்பிப் பார்த்தார். நான் கேட்டது அவர் காதிலும் விழுந்துவிட்டது. அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும், இத்தனை நாள் இவள் எதற்காக நிமிர்ந்து நிமிர்ந்து நடந்தாள் என்று. நடுச்சந்தையில், மிளகாய்க் கூறுகளுக்கு முன்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வந்து பிள்ளையிடமும் சொல்லிச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தார். எனக்கு மானம் போன வேகத்துக்கு, அந்த அடுப்பில் எரிந்த கட்டையை எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். ஒன்றும் செய்யவில்லை. சோறு போட்டேன்.

வெட்கம் நாலு நாளில் ஆறிவிட்டது. அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது, அது ஆறவில்லை. பள்ளிப்பட்டு சாலையில் கிடந்த அந்தத் துண்டு நிலத்துக்கு நான்தான் அடிக்கடி போவேன். வயலுக்கு உரமாகப் போடக் கொழிஞ்சி அறுத்து வருவது என் வேலை. ஊரில் அதையும் பீடு என்றுதான் சொன்னார்கள். அங்கே கொழிஞ்சி இடுப்பளவு நின்றது. ஆவாரை பூத்துக் கிடந்தது. தும்பை, துத்தி, எல்லார் வீட்டு ஆட்டுக்கும் புல். எங்கள் நெல்வயல் தின்றதே அங்கே முளைத்ததைத்தான். மண்ணில் ஒரு குறையும் இல்லை. மாமனாருக்கும் அவர் பங்காளிக்கும் வரப்பில் தகராறு, உன்னையும் உழ விடமாட்டேன், நானும் உழமாட்டேன் என்று இரண்டு ஆண்பிள்ளைகள் வீம்புக்குப் போட்டு வைத்தார்கள். அவ்வளவுதான் கதை. அவர்கள் செத்த பிறகும் கெட்ட பெயர் நிலத்துக்கு.

அரிவாளோடு அங்கே நின்றபோதுதான் தமுக்குக்காரர் சொன்னது எனக்குப் புரிந்தது. சர்க்கார் நிலத்தைக் காரணம் கேட்கவில்லை. போட்டு வைத்தவரைத்தான் ஆபீசுக்கு வரச்சொன்னது. தரிசு என்பது மண்ணின் குணம் இல்லை, மண்ணை ஒருவர் செய்வது. நம் பேச்சிலேயே அது இருக்கிறது. நிலம் தரிசாகப் பிறந்தது என்று யாரும் சொல்வதில்லை. தரிசு போட்டான் என்றுதான் சொல்கிறோம். போட்டவன் என்று ஒருவன் இருக்கிறான். நான் அன்றைக்கு அறுத்த கொழிஞ்சியில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதோடு என் கோபத்தை எனக்குள்ளேயே வைத்து மூடிக்கொண்டு அந்த வீட்டிலேயே கிழவியாகியிருப்பேன். அப்போதெல்லாம் எத்தனை பெண்கள் அப்படிப் போனார்கள். ஆனால் அந்த வருஷம் மாமியார் என் தங்கையைக் கேட்டார்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. குறுகுறுவென்றிருப்பாள், பல் தெரியச் சிரிப்பாள். நான் பிறந்த ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைக் கட்டியவர் அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வருவார். இந்த வீட்டுத் தெலுங்கைக் கேட்டு அவளும் அவரை அத்தான் என்னாமல் பாவா, பாவா என்று வளைய வருவாள். அவருக்கு அவளை இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்கவேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பினார். என்னிடம் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னார்.

"நீயும் இங்கியே இரு. உன்ன யாரு போவ சொன்னா? சாமிக்கே ரெண்டு பொண்டாட்டி. அவங்க ரெண்டு பேரும் போன ஜென்மத்துல அக்கா தங்கச்சிதான், தெரியும்ல?"

மலைமேல் இருக்கிறவரைச் சாட்சிக்கு இழுத்துவிட்டால் யார் என்ன பேசமுடியும்? நான் அவரைப் பார்த்தேன், என்னைக் கட்டியவரை. அவர் மாட்டுக் கயிற்றுக்கு முறுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இது சம்மதமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் போதும். அது அவருக்கு இல்லை. இன்னொரு பெண் வந்து, அவளும் வெறும் களத்துக்குக் காவல் இருக்கிறவருக்குச் சோறு போட்டு, வேர் குடித்து, குடம் தூக்கி, பீடு என்று பெயர் வாங்குவாள். அது என் தங்கையாக இருக்கும். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அதற்குத்தான் என் கோபம். மூன்று வருஷக் கோபமும் அந்த ஒரு தலையாட்டலில் வந்து சேர்ந்துகொண்டது.

பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். நைனா ஏற்கெனவே மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். "வேற எவளாவது வந்தா உன்ன தொரத்திடுவாம்மா. கூடப் பொறந்தவன்னா உன்ன வெச்சி பாத்துப்பா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பெண்களும் ஒரே கூரையில் சோறு தின்பார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டார். தங்கை அதற்குள் புதுப்புடவை நிறம்வரை யோசித்துவிட்டாள்.

அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைத் தொட்டதே இல்லை என்று சொன்னேன். முழுசாகச் சொல்வதற்குள் அம்மா தன் ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"இதெல்லாம் வாயால சொல்ற சமாச்சாரமாடீ? யாருனா கேட்டா காறித் துப்புவாங்க. அவ வந்தா சரியா பூடும்."

"எப்பிடிம்மா சரியா பூடும்? எனக்கு சரியா போச்சா?"

"கம்முனு இரு."

நைனாவிடம் நீயாவது சொல் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டாள். வெட்கம் அவளுக்கு. பெற்ற பெண்ணைப் படுகுழியில் தள்ளுவதற்கு வெட்கமில்லை, அதைச் சொல்வதற்கு வெட்கம். எனக்கு அம்மாமேல் பிரியம் உண்டு. இருந்தாலும் அந்த ஈரக்கையை இன்னும் என் வாய்மேல் உணர்கிறேன், இன்னும் தள்ளிவிடத் தோன்றுகிறது.

தாம்பூலம் மாற்றுகிற நாள் வந்தது. மாமியாரும் அவர் பிள்ளையும் சொந்தக்காரர்கள் சிலரோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் பங்காளிகள், ஊர்ப் பெரியவர்கள். எல்லாரும் உழவர்கள். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் வெற்றிலைத் தட்டு. நான் அடுப்பங்கரையில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கையைக் கட்டிக் கொடுக்க நானே வடை சுட்டேன். அவள் அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

மாமியார் பேச்சை அழகாக ஆரம்பித்தார். சபையில் பேசவேண்டும் என்பதால் தமிழில் பேசினார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விடவில்லை.

"இன்னா பண்றது? எங்க நெலம் பீடா பூட்ச்சி. பாத்துகினு சும்மா குந்திகினு இருக்க முடியுமா? அதான் இன்னொரு நெலம் கேட்டு வந்துகிறோம்."

எல்லாரும் ஆங், ஆங் என்று தலையசைத்தார்கள். எவ்வளவு நாசூக்காகச் சொன்னார் என்று ஒருவர் மெச்சிக்கொண்டார். நான் கரண்டியோடு எழுந்து கூடத்துக்கு வந்தேன். வரவேண்டும் என்று யோசித்து வரவில்லை. கால் வந்தது.

"அத்த, நெலம் தானா பீடு ஆவாது" என்றேன். "ஏர் பூட்டாம போட்டாதான் பீடு. இந்த நெலத்துல மூணு வருசமா ஏர் பூட்டல. ஒரு நாள் கூட பூட்டல. ஏன் பூட்டலன்னு உங்க புள்ளைய இங்கியே காரணம் சொல்ல சொல்லுங்க. சொல்லிட்டு என் தங்கச்சிய கட்டிகினு போவட்டும்."

உழவர் சபை. ஒருவருக்கும் பொழிப்புரை தேவைப்படவில்லை. மெச்சிக்கொண்டவர் குனிந்து தன் கால் விரலைப் பார்த்தார். மாமியார்தான் முதலில் எழுந்தார். "பாத்தீங்களா வெக்கங்கெட்டவள! இன்னா பேச்சி பேசறா பாருங்க!" என்று கத்தினார். நைனா அவரைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்ள, இவ சொல்றது நெஜமா?"

அவர் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சபை அவர் பக்கம் நின்றிருக்கும், என்னைப் பைத்தியம் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தட்டிலிருந்து உருண்ட ஒரு பாக்கை எடுத்து மறுபடி தட்டில் வைத்தார். நைனா அந்தப் பாக்கைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தார். அறைந்த கையோடு திரும்பிப்போய்த் தாம்பூலத் தட்டை மாமியார் பக்கம் நகர்த்தி, "நீங்க எடுத்துகினு போங்க" என்றார். இரண்டையும் அவர்தான் செய்தார்.

அன்றைக்கு நான் ஜெயித்தேன் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. என் நியாயத்தைச் சொல்ல நானும் அந்த நிலத்தைத்தானே துணைக்குக் கூப்பிடவேண்டியிருந்தது? நான் ஏர் பூட்டுவதற்காகக் கிடந்த மண் இல்லை. செய்யுள் ஒப்பிப்பேன், வேகமாகக் கொழிஞ்சி அறுப்பேன், எனக்குக் காரமான குழம்பு பிடிக்கும், எனக்குத் தனியாக ஒரு உடம்பும் ஒரு மனசும் இருந்தன. அதைச் சொன்னால் அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் புரிந்திருக்காது. நிலம் என்று சொன்னால்தான் புரிந்தது. மேடையில் குறியீடு குறியீடு என்கிறவர்களைப் பார்த்து எனக்கு எரிவது இதனால்தான். அவர்களுக்கு அது அலங்காரம். எனக்கு வேறு பாஷை இல்லாமல் போனது.

நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. நைனா பல மாதம் என்னோடு பேசவில்லை. தங்கை அழுது தீர்த்தாள், என் புடவையை எடுத்துக் கொடுக்கக்கூட மாட்டாள். எனக்கு ஊரில் புதுப்பெயர், வாழாவெட்டி. பழைய பெயரும் கூடவே வண்டி ஏறி வந்திருந்தது. அந்தக் கூடத்தில் எல்லார் காதிலும் நான் சொன்னது விழுந்தது, இருந்தும் ஊர் மறுபடி என்னைத்தான் பிள்ளை பெறாதவள் என்றது. உண்மையைக் கேட்டுவிட்டு, பழைய பொய்யையே வசதியாக வைத்துக்கொள்ள மனிதர்களால் எப்படித்தான் முடிகிறதோ!

அவருக்கு வேறு ஊரில் பெண் எடுத்தார்கள். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு நைனாவோடு மலைக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். ஈரப்புடவை, தலையில் பால்குடம், பின்னால் மாமியார், பக்கத்தில் அவர். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை, ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். என் தங்கையை நான் பிடித்து நிறுத்தினேன். இவளை நிறுத்த யாரும் இல்லை. படியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

தங்கைக்கு வேறு இடத்தில் நல்ல பையனாகக் கிடைத்தான். அதற்குள் நான் தனியாகப் படித்து எட்டாம் வகுப்பு எழுதி ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன் (பின்னால் எனக்கு வேலை போட்டது இதே திருத்தணியில்தான்), லீவு போட்டுக் கல்யாணத்துக்கு வந்தேன். முகூர்த்தத்தன்று காலையில் அவளுக்குப் பூ வைத்துவிட்டது நான்தான். வைத்து முடித்ததும் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, நீ உள்ளயே இருந்துக்கோ. அவங்க வூட்டுக்காரங்க எதனா சொல்லுவாங்க. நல்ல நாளும் அதுவுமா..."

அவளுக்காகத்தான் எல்லார் முன்னாலும் வாய் திறந்தேன். அவளுக்காகத்தான் அறை வாங்கினேன். அதை அவளுக்குச் சொல்லிக் காட்டியிருக்கலாம், சொல்லவில்லை. அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெளியே மேளம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. பொறுக்கவும் கூடாது என்று தோன்றியது.

கதவைத் திறந்துகொண்டு வந்தேன். அம்மா கையைப் பிடித்து, "எங்கடீ போற?" என்றாள். "முன்னாடி" என்றேன். பந்தல் நடுவில், அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, நிமிர்ந்து நடந்தேன். குடத்தில் தண்ணீர் அலம்பாமல் தெருவில் நடந்தேனே, அதே நடை. இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் தெரிந்துதான் நடந்தேன்.

மணவறையில் ஐயர், "யாராவது அட்சதைத் தட்டைப் பிடிங்கோ" என்றார். யாரோ எழுந்தார்கள். அதற்குள் நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். பறிப்பதற்கு ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றேன். எடுங்க என்றேன், எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் எடுத்தார்கள். தாலி ஏறியபோது என் தங்கை தலையில் விழுந்த அரிசி முழுவதும் என் கையிலிருந்து போனதுதான்.

அவளுக்கு நான்கு பிள்ளைகள்.